எங்களை ஏமாற்றிய பெரியப்பா இறந்ததற்கு ஏன் அழுகை வருகிறது?

அப்பாவின் பங்கு நிலத்தை ஏமாற்றி எழுதி வாங்கிய பெரியப்பா இறந்துவிட்டார். நிம்மதியும் வருகிறது, அழுகையும் வருகிறது, இது தப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். தப்பே இல்லை.

என் சித்தப்பாவும் எங்களுக்கு இதைத்தான் செய்தார். ஆனால் சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கித் தேர் காட்டியவரும் அவர்தான். "நான் செய்தது தப்புதான்" என்று ஒருநாள் சொல்லுவார் என்று உள்ளுக்குள் காத்திருந்திருக்கிறேன். அது இனி நடக்காது என்று தெரிந்ததுதான் எனக்கு அதிகம் வலித்தது.

இதை வெளியில் சொன்னால் "அந்த ஆளுக்காகவா அழுகிறாய்?" என்பார்கள். மற்றவர்கள் ஏற்காத இந்த மாதிரித் துக்கத்தை அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோகா 1980களிலேயே தனியாகப் பெயர் வைத்து விளக்கினார்.

சாவுக்குப் போவதா? பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிக்கும் நம் பக்கம் தீட்டு உண்டு, கெட்டதுக்குக் கேட்டாலே போகணும் என்பார்கள். போய் மாலை போட்டால் மன்னித்துவிட்டதாக அர்த்தமில்லை. ஆனால் உங்கள் அம்மா வர மறுத்தால் தயவுசெய்து வற்புறுத்தாதீர்கள். அதிகம் பட்டவர் அவர்.

அப்புறம், நில வழக்கு நடந்துகொண்டிருந்தால் அது அவரோடு முடிந்துவிடாது. அவருடைய வாரிசுகளை வழக்கில் சேர்க்க மனு போட, இறந்த நாளிலிருந்து 90 நாள்தான் கெடு. அழுதோமே என்று அப்பாவின் பங்கை விட வேண்டாம். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வக்கீலைப் பாருங்கள்.