மரபணு ஊசி என் தம்பிக்குப் பயன்படுமா?

கேள்வி: பொகவந்தலாவைத் தோட்டமொன்றில் வசிக்கிறோம். 22 வயதான என் தம்பிக்குப் பொழுது சாய்ந்தால் லயத்துப் படிகள் தெரிவதில்லை. பகலிலும் பக்கவாட்டில் வருபவர்கள்மீது மோதிக்கொள்கிறான். அம்மாவும் அப்பாவும் மாமன் மகள், அத்தை மகன். கிளினிக்கில் ‘பரம்பரை விழித்திரை நோய், மருந்தில்லை’ என்றார்கள். மரபணு ஊசி வந்திருப்பதாக அறிகிறோம். அது இவனுக்கு உதவுமா?

பதில்: அந்த ஊசி உண்மைதான், ஆனால் ஒரேயொரு மரபணுவின் பழுதுக்கே அது உரியது.

மங்கிய ஒளியில் பார்ப்பதற்கென விழித்திரையில் ஏறத்தாழ 12 கோடி கோல் கலங்கள் உள்ளன. 1979இல் பெய்லர், லாம்ப், யாவ் ஆகிய ஆய்வாளர்கள் தேரையின் கோல் கலம் ஒன்றை நுண்ணிய கண்ணாடிக் குழாய்க்குள் உறிஞ்சிப் பிடித்து, ஒற்றை ஒளித்துகளுக்கும் அதன் மின்னோட்டம் தனித்துத் தெரியுமளவு மாறுவதைப் பதிவு செய்தனர். இத்தனை கூர்மையான கலத்துக்குப் பராமரிப்பும் அதிகம்: அதிலுள்ள ஒளியுணர் தட்டுகள் சுமார் 10 நாட்களில் முழுதும் புதுப்பிக்கப்படுகின்றன, ஒளிபட்டு வடிவம் மாறிய வைட்டமின் ஏயை அடுத்துள்ள நிறமிப் படலம் மீண்டும் பழைய வடிவுக்குக் கொண்டுவருகிறது. இவ்வேலைகளுக்குரிய பல மரபணுக்களுள் எது கெட்டாலும் பெரும்பாலும் கோல் கலங்களே முதலில் மடியும் என்பதால்தான் தம்பிக்கு மாலையில் படிகள் மறைகின்றன.

வைட்டமினைப் பழைய வடிவுக்கு மாற்றும் நொதியின் மரபணுவான ஆர்.பி.ஈ.65 பழுதுபட்டுப் பார்வையிழந்த நாய்களுக்கு, நல்ல பிரதியை விழித்திரைக்கு அடியில் செலுத்திப் பார்வை மீட்கப்பட்டது 2001இல் வெளியானது. அதே மரபணுவுக்கான மனித மருந்தை, அதாவது நீங்கள் கேட்கும் ஊசியை, அமெரிக்கா அனுமதித்தது 2017 டிசம்பரில். உயிருள்ள கலங்கள் எஞ்சியிருந்தால் மட்டுமே அது பயன்தரும்; திரி கருகிய விளக்குக்கு எண்ணெய் உதவாது.

ஆகவே தம்பிக்கு எந்த மரபணு கெட்டிருக்கிறது என்பதே முதல் கேள்வி. கண்டி தேசிய வைத்தியசாலையின் கண் பிரிவுக்கோ கொழும்பு தேசிய கண் வைத்தியசாலைக்கோ அனுப்பும்படி கிளினிக்கில் கடிதம் கேளுங்கள். பார்வைப் புலப் பரிசோதனை, விழித்திரை மின்வரைவு (ஒளிக்கு விழித்திரை எழுப்பும் மின்சைகையைப் பதிவு செய்வது), மரபணுப் பரிசோதனை ஆகியவை பற்றி அங்கு விசாரியுங்கள். சொந்தத்தில் மணந்த பெற்றோர் இருவரும் ஒரே பழுதை மறைவாகச் சுமந்திருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர 25 சதவீத வாய்ப்புண்டு என்பதால் நீங்களும் கண்ணைக் காட்டுவது நல்லது.

‘மருந்தில்லை’ என்ற சொல்லைக் கேட்டுக் கிளினிக்கை நிறுத்திவிடாதீர்கள் (அந்தச் சொல்லை விளக்கமின்றிச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை); இந்நோயோடு வரும் கண்புரையும் விழித்திரையின் நடுப்பகுதி வீக்கமும் சிகிச்சைக்கு உட்படுபவை. வைட்டமின் ஏ மாத்திரையைத் தாமாக வாங்கிக் கொடுக்க வேண்டாம்: மிகுந்தால் ஈரலைக் கெடுக்கும், சில மரபணுப் பழுதுகளில் விழித்திரையையே மேலும் கெடுக்கக்கூடும். பரிசோதனைகள் முடியும்வரை லயத்துப் படிகளின் விளிம்பில் வெள்ளை வர்ணம் பூசுங்கள். இருட்டில் அவனது கையை இழுத்துச் செல்லாமல், உங்கள் முழங்கையை அவன் பிடித்து வரச் செய்யுங்கள்.