சங்கிலி யார் கையில்? பெரிய நாய் வளர்ப்போருக்கான சட்டக் கேள்வி பதில்

சென்னையில் வழக்கறிஞராக இருக்கிறேன். எங்கள் வீட்டில் பதினோரு வருடம் ஒரு ராட்வைலர் இருந்தான். இப்போது ராஜபாளையம் ஒன்று வளர்கிறது. நாய் வளர்ப்பவர்களும் நாயால் பாதிக்கப்பட்டவர்களும் நிறையக் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

மேடம், என் ராட்வைலருக்கு மூன்று வயது. இதுவரை யாரையும் கடித்ததில்லை. கடிக்காத நாய்க்காக என் மேல் கேஸ் வருமா? (வேளச்சேரி)

வரும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். நாய் கடித்திருக்க வேண்டும் என்று அதில் எங்கேயும் இல்லை. உங்கள் வசம் உள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேரக்கூடும் என்றால், அதைத் தடுக்கப் போதுமான ஏற்பாட்டைச் செய்ய வேண்டும். தெரிந்தோ அலட்சியமாகவோ அதைச் செய்யாமல் விட்டாலே குற்றம்தான். தண்டனை 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீன் உண்டு. ஆனால் போலீஸ் வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம்.

‘போதுமான’ என்ற சொல்தான் இதில் முக்கியம். பொமரேனியனுக்குப் போதுமான கேட் 45 கிலோ நாய்க்குப் போதாது. என் வீட்டிலேயே நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் ராஜபாளையம் ஒரு நாள் விடியற்காலையில் நாலரை அடிச் சுவரைத் தாண்டிவிட்டது. பால் போட வந்த பெரியவர் பயந்து சைக்கிளோடு விழுந்தார். நாய் அவரைத் தொடக்கூட இல்லை. ஆனால் அவருக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. மருத்துவச் செலவையும், அவர் வேலைக்குப் போக முடியாத நாட்களின் வருமானத்தையும் கொடுத்தோம். சுவரின் உயரத்தை அன்றைக்கு முன்பே கவனித்திருக்க வேண்டியது நான்தான்.

கடித்தே விட்டால் தண்டனை எவ்வளவு? (திருச்சி)

காயத்தைப் பொறுத்தது. அதே சன்ஹிதாவின் 125ஆவது பிரிவின்படி சாதாரணக் காயத்துக்கு 6 மாதம் வரை சிறை. கொடுங்காயம் என்றால் 3 வருடம் வரை போகலாம். எலும்பு முறிவு, முகத்தில் நிரந்தரச் சிதைவு, 15 நாள் கடும் வலி, இவையெல்லாம் கொடுங்காயத்தில் வரும். பெரிய நாய் குழந்தையைக் கடித்தால் பெரும்பாலும் கொடுங்காயமாகத்தான் முடிகிறது. உயிரே போய்விட்டால் 106ஆவது பிரிவு, 5 வருடம் வரை. இதெல்லாம் குற்றவியல் பக்கம். நஷ்ட ஈட்டுக்கு சிவில் வழக்கு தனியாக வரும்.

2024 மே மாதம் ஆயிரம் விளக்கு பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர்கள் குதறியது நினைவிருக்கும். நாய்களின் உரிமையாளர் கைது செய்யப்பட்டார். அப்போது பழைய இந்திய தண்டனைச் சட்டம்தான் நடைமுறையில் இருந்தது. புதிய சட்டம் வந்தது அதே ஆண்டு ஜூலை 1-இல்.

வாட்ச்மேன்தான் நாயை வாக்கிங் கூட்டிப் போவார். அவர் கையிலிருந்து நழுவினால் நான் பொறுப்பா? (அண்ணா நகர்)

இரண்டு பேருமே மாட்டலாம். சட்டம் ‘உரிமையாளர்’ என்று சொல்லவில்லை, ‘வசம் வைத்திருப்பவர்’ என்றுதான் சொல்கிறது. அந்த நேரத்தில் சங்கிலி வாட்ச்மேன் கையில் இருக்கிறது. ஆனால் அந்த நாயைப் பிடித்து நிறுத்தத் தெம்போ பழக்கமோ இல்லாதவரிடம் கொடுத்தது உங்கள் அலட்சியம். அவர் உங்கள் சம்பளத்தில் வேலை பார்ப்பவர் என்றால், நஷ்ட ஈட்டுக்கும் உங்களைத்தான் தேடி வருவார்கள். 15,000 ரூபாய் சம்பளக்காரர் தலையில் இந்தப் பாரத்தை வைக்காதீர்கள் சார். நாயை அடக்க முடிந்தவர் மட்டும் கூட்டிப் போகட்டும். பிள்ளைகளிடம் கொடுக்கவே வேண்டாம்.

‘நாய்கள் ஜாக்கிரதை’ போர்டு மாட்டியிருக்கிறேன். போதுமா?

போதாது. கூரியர் கொண்டு வருபவரும் கேஸ் சிலிண்டர் போடுபவரும் கேட்டைத் திறந்துதான் ஆக வேண்டும். போர்டு மாட்டிவிட்டு நாயை அவிழ்த்து விட்டிருந்தால், நாய் ஆபத்தானது என்று உங்களுக்கு முன்பே தெரியும் என்பதற்கு எதிர்த்தரப்பு வக்கீல் அந்தப் போர்டையே காட்டுவார். போர்டு இருக்கட்டும். அழைப்பு மணி கேட்டுக்கு வெளியே இருக்க வேண்டும், கேட்டுக்கும் வாசலுக்கும் நடுவில் இன்னொரு தடுப்பும் வேண்டும்.

23 இன நாய்களுக்குத் தடை என்றார்கள், பிறகு இல்லை என்றார்கள். எதை நம்புவது? (கோவை)

2024 மார்ச்சில் மத்திய அரசு 23 இனங்களைத் தடை செய்யச் சொல்லி மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. பிட்புல், ராட்வைலர், டோகோ அர்ஜென்டினோ, கேன் கோர்சோ எல்லாம் அதில் இருந்தன. யாரிடமும் கருத்துக் கேட்கவில்லை என்று கர்நாடக உயர் நீதிமன்றமும் டெல்லி உயர் நீதிமன்றமும் அடுத்த மாதமே அதை ரத்து செய்துவிட்டன. சென்னையில் நிலைமை வேறு. 2025 டிசம்பரில் பிட்புல், ராட்வைலர் இரண்டுக்கும் இனி புது உரிமம் இல்லை என்று மாநகராட்சி முடிவெடுத்தது. ஏற்கெனவே உரிமம் வைத்திருப்பவர்கள் வெளியே கூட்டிப் போகும்போது சங்கிலியும் வாய்மூடியும் கட்டாயம். மற்ற ஊர்க்காரர்கள் குட்டி வாங்கும் முன் உங்கள் மாநகராட்சியிலோ நகராட்சியிலோ நேரில் கேளுங்கள். விற்பவர் சொல்வதை நம்பி வாங்காதீர்கள்.

எந்த இனமாக இருந்தாலும் வெறிநாய்க்கடி தடுப்பூசிச் சான்று கையில் இருக்கட்டும். வழக்கு என்று வந்தால் முதலில் கேட்பது அதைத்தான்.

எங்கள் அடுக்ககச் சங்கம் பெரிய நாயே கூடாது என்கிறது.

அப்படித் தடை போடச் சங்கத்துக்கு அதிகாரம் இல்லை என்று இந்திய விலங்குகள் நல வாரியமே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. லிஃப்டில் ஏற்றக் கூடாது என்றும் சொல்ல முடியாது. ஆனால் லிஃப்டில் ஒரு குழந்தை இருந்தால் அடுத்த லிஃப்டுக்குக் காத்திருங்கள். இதற்குச் சட்டம் தேவையில்லை.

நாள் முழுக்கக் கட்டியே போட்டுவிட்டால் பிரச்சினை இல்லையே?

அதுவும் குற்றம். நியாயமில்லாத நேரத்துக்குச் சங்கிலியில் கட்டி வைப்பதை 1960ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் தடுக்கிறது. அபராதம் மிகச் சிறியதுதான். ஆனால் நாள் கணக்கில் கட்டிக் கிடக்கும் நாய்தான் அவிழும்போது பாயும்.

பக்கத்து வீட்டு நாய் என் மகனைத் தொடையில் கடித்துவிட்டது. பெரிய இடம், புகார் கொடுக்கப் பயமாக இருக்கிறது அக்கா. (மதுரை)

பையன் இப்போது எப்படி இருக்கிறான்? முதலில் மருத்துவம். கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். அரசு மருத்துவமனையில் தடுப்பூசி இலவசம். தோல் கிழிந்து இரத்தம் வந்திருந்தால் உடனடி எதிர்ப்புச் சக்தி தரும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் வேண்டும், மறக்காமல் கேளுங்கள். ஒரு தவணையைக்கூடத் தவற விடாதீர்கள். அங்கே விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள், அந்த ஏஆர் காப்பியை வாங்கி வையுங்கள். காயத்தைத் தேதி தெரியும்படி போட்டோ எடுங்கள்.

அப்புறம் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். புகாரை வாங்க மறுத்தால் தபாலில் எஸ்.பி.க்கோ கமிஷனருக்கோ அனுப்பலாம். நாயைப் 10 நாள் கண்காணிப்பில் வைக்க வேண்டும் என்றும், எங்கும் அனுப்பிவிடக் கூடாது என்றும் புகாரிலேயே கேளுங்கள். ‘செலவைக் கொடுத்துவிடுகிறோம், விட்டுவிடுங்கள்’ என்று வந்தால் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். தழும்பு எப்படி ஆறுகிறது என்று தெரியப் பல மாதம் ஆகும். வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அங்கே இலவசம்.

நாய்க்கு விஷம் வைப்பேன் என்று எதிர் வீட்டுக்காரர் மிரட்டுகிறார்.

விஷம் வைத்துக் கொன்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆவது பிரிவில் 5 வருடம் வரை சிறை. மிரட்டலை இப்போதே எழுதிப் புகார் கொடுங்கள். அவருக்கு உங்கள் நாயால் என்ன தொந்தரவு என்றும் ஒரு தடவை உட்கார்ந்து கேளுங்கள்.

எட்டு மாதக் கேன் கோர்சோ, என்னால் சமாளிக்க முடியவில்லை. ஊருக்கு வெளியே விட்டுவிடலாமா?

தயவுசெய்து வேண்டாம். பட்டினி கிடந்து வதைபடும்படி கைவிடுவதும் அதே 1960 சட்டத்தில் குற்றம். அது யாரையாவது கடித்தால் அங்கே கொண்டு போய் விட்டவர் நீங்கள்தான். இந்த வாரமே கால்நடை மருத்துவரைப் பார்த்து, நல்ல பயிற்சியாளர் ஒருவரைக் கேளுங்கள். அதற்குள் வெளியே கூட்டிப் போக வேண்டியிருந்தால் வாய்மூடி போட்டு, இரண்டு பேராகப் போங்கள்.