காலை ஆறரைக்கு வரச் சொல்லுங்கள்

கேள்வி: ஐயா, எங்கள் தாமானை (குடியிருப்பை) ஒட்டி இருந்த 24 பழைய தோட்ட வீடுகளை இடித்துவிட்டு, 300 வீடுகளோடு அடுக்குமாடி கட்டப் போகிறார்களாம். இப்போதே கனமழை பெய்தால் எங்கள் வீட்டுக் கக்கூஸ் ‘குளுக் குளுக்’ என்கிறது. மேம்பாட்டாளரின் ஆள், “கழிவுநீர்க் குழாய் ஏற்கெனவே இருக்கிறது, கவலைப்படாதீர்கள்” என்கிறார். நம்பலாமா?
— வாசகி, பெஸ்தாரி ஜெயா

பதில்: உங்கள் ஊருக்கு 2007-இல் பெயர் மாறிவிட்டது, ஆனாலும் எனக்கு பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் வாய்க்கு வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

குழாய் இருக்கத்தான் செய்யும், தங்கச்சி. அதில் இடம் இருக்கிறதா என்று அவரிடம் கேட்டீர்களா?

நம் மலேசியாவில் வீட்டுக்கு 5 பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 225 லிட்டர் என்று வைத்துத்தான் கழிவுநீர்க் குழாய்க்குக் கணக்குப் போடுவார்கள். இடித்த 24 வீட்டுக்கு 27,000 லிட்டர். வரப்போகும் 300 வீட்டுக்கு 337,500 லிட்டர். நிலம் அதே நிலம்தான், தண்ணீர் பன்னிரண்டரை மடங்கு.

அது நாள் முழுக்கச் சீராக வந்தால் பரவாயில்லை. வராது. நான் கழிவுநீர் பம்ப் ஹவுசில் 26 வருடம் வேலை பார்த்தவன். தீபாவளி விடியற்காலை எனக்கு லீவு கிடைத்ததே இல்லை. ஐந்து மணிக்கு ஊரே எண்ணெய் தேய்த்துக் குளிக்கும். அடுத்த அரை மணி நேரத்தில் தொட்டியில் சீயக்காய் வாசனையோடு நுரை ஏறும், இரண்டு பம்பும் சேர்ந்து ஓடினாலும் மட்டம் இறங்காது. ஒன்பது மணிக்குப் பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிடக்கும். தினமும் காலையில் இதே கதைதான், கொஞ்சம் சின்னதாக. 1,500 பேர் உள்ள கட்டடம் என்றால், உச்ச நேர ஓட்டம் சராசரியைப் போல் ஏறக்குறைய நாலரை மடங்கு என்று எடுப்பார்கள். உங்கள் அடுக்குமாடிக்கு அது விநாடிக்குப் பதினேழரை லிட்டர் வரும். நூறடிக்கு ஓரடி சரிவில் போட்ட ஆறங்குலக் குழாய், வாய் நிறைய ஓடினாலும் 15 லிட்டர்தான் தள்ளும். அதில் உங்கள் தாமான் தண்ணீர் வேறு இருக்கிறது. அங்கே கிடப்பது ஆறங்குலமா ஒன்பதங்குலமா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

அந்தக் ‘குளுக் குளுக்’ வேறு விஷயம். நம் ஊர்களில் மழைத் தண்ணீர் லோங்காங்கில் (திறந்த வடிகாலில்) போகும், கக்கூஸ் தண்ணீர் மூடிய குழாயில் போகும். இரண்டும் சேரக் கூடாது. மழையில் உங்கள் கக்கூஸ் சத்தம் போட்டால், மழைநீர் எங்கோ உள்ளே புகுந்து குழாயை நிரப்புகிறது, வெளியேற வழியில்லாத காற்று உங்கள் வீட்டு வழியாக வருகிறது என்று அர்த்தம். பழைய மண் குழாயின் இணைப்பில் மரவேர் புகுந்திருக்கலாம். இல்லையென்றால் யாரோ கூரைத் தண்ணீரை மேன்ஹோலில் இறக்கிவிட்டிருக்கலாம். என் சொந்த அண்ணனே பின்வாசல் தண்ணீரை அப்படித்தான் விட்டிருந்தார். நான் சொல்லி, சண்டை போட்டு, அப்புறம்தான் மாற்றினார்.

சுத்திகரிப்பு நிலையத்தைப் பெரிதாக்கிவிட்டோம் என்று சொல்லிச் சமாளிப்பார்கள். கோலாலம்பூரில் பந்தாய் 2 நிலையத்தைப் பூமிக்கடியில் 14 லட்சத்து 30 ஆயிரம் பேருக்குக் கட்டியிருக்கிறார்கள், நல்ல வேலைதான். ஆனால் உங்கள் தெருக் குழாய் அடைத்தால் தண்ணீர் நிலையம் வரைக்கும் போகவே போகாது.

சரி, என்ன செய்யலாம்? உங்கள் இடத்துக்கு உள்ளூர்த் திட்டம் (எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்று வகுத்து வைத்தது) இல்லையென்றால், 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி பக்கத்து நில உரிமையாளர்களுக்கு நோட்டீஸ் வர வேண்டும். கைக்கு வந்த 21 நாளுக்குள் ஆட்சேபத்தை எழுத்தில் கொடுங்கள். திட்டம் இருந்தாலும் நகராண்மைக்குக் கடிதம் எழுதத் தடையில்லை. “சாக்கடை நாறும்” என்று மட்டும் எழுதாதீர்கள், ஃபைலில் போட்டு மூடிவிடுவார்கள். எந்த மேன்ஹோலில் இணைக்கப் போகிறீர்கள், அங்கிருந்து நிலையம் வரை குழாயின் அளவென்ன, மாற்றும் செலவு யாருடையது என்று கேளுங்கள்.

மேன்ஹோல் மூடியை நீங்களாகத் திறக்க வேண்டாம். உள்ளே இருக்கும் வாயு ஆளையே சாய்த்துவிடும். அதிகாரி பார்க்க வருகிறேன் என்றால் காலை ஆறரைக்கு வரச் சொல்லுங்கள். பதினொரு மணிக்கு வந்து எட்டிப் பார்த்தால் எந்தக் குழாயும் நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும்.