தெருவிளக்கும் கடல்மீனும் ஒரே வகையா?

தெருவிளக்கு, கடல்மீன் இரண்டையும் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாமே, பிறகு ஏன் விளக்கைப் பொதுப்பண்டம், மீனைப் பொதுவளம் என்று பிரிக்கிறார்கள் என்பது உங்கள் கேள்வி. யாரையும் எளிதில் தடுக்க முடியாது என்பதில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் விளக்கு வெளிச்சத்தில் நான் நடந்தால் உங்களுக்கு வெளிச்சம் குறையாது, நான் பிடித்த மீனை நீங்கள் பிடிக்க முடியாது. இது ஒன்றுதான் வித்தியாசம், ஆனால் பெரிய வித்தியாசம்.

பொதுப்பண்டத்தில் சிக்கல், காசு கொடுக்காமலே பலன் கிடைக்கும்போது யார் கொடுப்பார்கள் என்பது. அதனால் அரசு வரி வாங்கிச் செய்கிறது. பொதுவளத்தில் சிக்கல் தலைகீழ். நான் விட்டுவைத்தாலும் அடுத்தவர் அள்ளிவிடுவார் என்று ஒவ்வொருவரும் நினைக்க, எல்லாரும் சேர்ந்து வளத்தையே அழித்துவிடுகிறோம். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடலில் காட் மீனுக்கு நடந்தது இதுதான், பல நாட்டுப் பெரிய இழுவைக் கப்பல்கள் வந்து வாரியதில் 1960களின் இறுதியில் பிடிப்பு உச்சத்துக்குப் போய், பிறகு வெளிநாட்டுக் கப்பல்களைத் தடுக்கக் கனடாவே 200 கடல் மைல் எல்லை வகுத்தும் அதிகமாகப் பிடிப்பது நிற்காமல், 1992இல் மீன்பிடிப்பையே நிறுத்த வேண்டியதாயிற்று. பல்லாயிரம் பேருக்கு வேலை போனது.

சரி, தனியாருக்கு விற்பதோ அரசே எடுத்துக்கொள்வதோதான் வழியா? இல்லை. பயன்படுத்துபவர்களே விதி வகுத்துக் காப்பாற்ற முடியும் என்பதை விவசாயிகளே நடத்தும் ஸ்பெயினின் வாலென்சியா பாசனம் போன்றவற்றை வைத்துக் காட்டியதற்காகத்தான் அமெரிக்க ஆய்வாளர் எலினார் ஆஸ்ட்ரோமுக்கு 2009இல் பொருளாதார நோபல் கிடைத்தது.