கோணாமலை என்ற பெயர் அழிந்துகொண்டிருக்கிறதா?

திருகோணமலை உவர்மலையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "அப்பப்பாவின் பெயர் கோணாமலை. ரொறன்ரோவில் இருக்கிற சித்தப்பாவின் பிள்ளைகளுக்கு அதுதான் குடும்பப்பெயர். எனக்கு முன்னால் நிற்பது அப்பாவின் பெயர். குடும்பப்பெயர்களை எண்ணிக் காட்டும் ஓர் இணையத்தளத்தில் தேடினால் கோணாமலை மிகச் சொற்பமாகத்தான் வருகிறது. பெயர் அழிகிறதா? அடுத்த மாதம் பிறக்கவிருக்கும் என் பிள்ளைக்கு அதை வைக்கலாமா?"

வைக்கலாம் தம்பி, ஆனால் அந்த எண்ணைப் பார்த்துப் பயந்து வைக்காதீர்கள். அந்தத் தளம் எண்ணுவது ஓர் ஆங்கில எழுத்துக்கூட்டலை மட்டும்தான். கோணாமலையின் கடைசி 'லை'யை ஒருவர் எல்-ஏ-ஐ என்று எழுதுவார், இன்னொருவர் எல்-ஈ-ஐ, வேறொருவர் எல்-ஏ-வை, நடுவில் உள்ள 'ணா'வுக்கு ஒரு ஏ போடுபவரும் உண்டு, இரண்டு போடுபவரும் உண்டு. அண்ணனும் தம்பியும் வேறுவேறு கிளாக்கர் எழுதிக்கொடுத்த பத்திரங்களோடு வெளிநாடு போனால் அங்கே அவர்கள் இரண்டு குடும்பம்.

அதைவிடப் பெரிய விஷயம், நம் ஊரில் குடும்பப்பெயர் என்று ஒன்று தலைமுறை தலைமுறையாக இறங்கி வருவதில்லை. அப்பப்பாவின் பெயர் அப்பாவுக்கு முன்னெழுத்து, அப்பாவின் பெயர் உங்களுக்கு முன்னெழுத்து, அவ்வளவுதான், ஒரு தலைமுறை முன்னால் நின்றுவிட்டு அந்தப் பெயர் இறங்கிவிடும். ஆகவே திருகோணமலையில் ஒரு பெயர் கூடுவதும் குறைவதும் பிள்ளைக்குப் பெயர் வைக்கும் பழக்கத்தைப் பொறுத்தது. திருகோணமலைக் கோயிலில் இருக்கும் சிவனான கோணேசரை நினைத்து வைத்த கோணாமலை, கோணேசபிள்ளை, கோணநாதன் போன்ற பெயர்கள் அப்பப்பா காலத்துப் பெயர்கள். இன்று நாம் எண்சாத்திரம் பார்த்து, எழுத்துக் கூட்டிக் குறைத்து வேறு மாதிரி வைக்கிறோம்.

சித்தப்பா வீட்டில் நடந்தது வேறு. 1983 கலவரத்துக்குப் பிறகு வெளிநாடு போனவர்கள் அங்குள்ள படிவத்தில் குடும்பப்பெயர் என்ற கூட்டை நிரப்பியே ஆக வேண்டும், பலர் தகப்பன் பெயரை எழுதினார்கள், அது அப்படியே பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் உறைந்துவிட்டது. வேறு சிலர் பிள்ளைகளுக்குத் தங்கள் சொந்தப் பெயரையே கொடுத்தார்கள். கூடப்பிறந்த மூன்று பேருடைய பிள்ளைகள் மூன்று குடும்பப்பெயரோடு திரிவது இதனால்தான். டென்மார்க்கிலும் ஒருகாலம் நம்மைப்போலத் தகப்பன் பெயர்தான் மாறி மாறி வந்தது, 1828இல் வந்த அரச ஆணைதான் அதை நிலைப்படுத்தத் தொடங்கியது. ஜென்ஸின் மகன் என்ற பொருளுள்ள ஜென்சன் இன்றைக்கும் அங்கே தெருவுக்குத் தெரு இருப்பது அதன் விளைவு.

அழிவுக் கணக்கு இப்படி உறைந்த பெயருக்குத்தான் பொருந்தும். இங்கிலாந்தில் கால்டன், வாட்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1874இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்த கணக்கு அது: பெயர் ஆண்வழியில் மட்டும் இறங்கி, ஓர் ஆணுக்குச் சராசரி ஒரு மகன் என்றால், எப்போதாவது ஒருநாள் அது அழிந்தே தீரும். சராசரி ஒன்று என்றாலும் சிலருக்கு மூன்று மகன் இருப்பார்கள், சிலருக்கு ஒருவரும் இருக்கமாட்டார்கள், எளிய நிகழ்தகவுக் கணக்கில் 100 பேரில் 37 பேருக்கு மகனே இல்லை. ஆனால் சித்தப்பாவின் மகள்மாரும் தங்கள் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரைக் கொடுத்தால் கணக்கே மாறிவிடும். அவர்களிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள், எனக்கு இதில் தயக்கமே இல்லை.

இடப்பெயர்வும் எண்ணிக்கையைப் புரட்டிப்போடும். அமெரிக்கக் குடிசன மதிப்பீட்டின் குடும்பப்பெயர்ப் பட்டியலில் 2000இல் எட்டாவதாக இருந்த ஸ்பானியப் பெயரான கார்சியா 2010இல் ஆறாவது இடத்துக்கு வந்துவிட்டது. அந்தப் பட்டியலில் 100 பேருக்குக் குறைவாக உள்ள பெயர்களைப் போடுவதேயில்லை, ஆகவே பட்டியலில் இல்லை என்றால் ஆளே இல்லை என்று எடுக்கக்கூடாது.

சரி, இங்கே எப்படித் தேடுவது? உங்கள் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். பாட்டனார் இலங்கையில் பிறந்தவரானால் அவருடைய முழுப்பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் எழுத ஒரு கூடு இருக்கும். அதை வைத்துக்கொண்டு பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தில் அப்பப்பாவின் பதிவைக் கேளுங்கள், அவர் மூதூரிலோ தம்பலகாமத்திலோ பிறந்திருந்தால் அங்கே. பழைய காணி உறுதிகளிலும் தகப்பன் பெயர் வரும். வாக்காளர் இடாப்பைப் பார்க்கும்போது கவனம்: கோணாமலை முன்னால் நின்றால் அநேகமாக அவர் கோணாமலையின் பிள்ளை, பின்னால் நின்றால் அவரே கோணாமலை. இரண்டையும் சேர்த்து எண்ணினால் தகப்பனும் பிள்ளையும் ஒரே பெயர்க்காரராகிவிடுவார்கள்.

பிள்ளை விஷயத்தில் என் யோசனை, உங்கள் பெயரையும் விடாதீர்கள். இங்கே பிறப்புப் பதிவில் முழுப்பெயருக்கு ஒரே கூடுதான், குடும்பப்பெயரைத் தனியாகக் கேட்பது கடவுச்சீட்டு விண்ணப்பத்தில்தான். முதலில் உங்கள் பெயர், பிறகு பிள்ளையின் பெயர், கடைசியில் கோணாமலை என்று பதிந்தால் முன்னெழுத்தும் இருக்கும், வெளியே போனால் எதைக் குடும்பப்பெயராகப் போடுவது என்ற குழப்பமும் வராது. பெண்பிள்ளை என்றாலும் இதே மாதிரிப் பதியுங்கள். ஆனால் அதற்கு முன் சித்தப்பாவின் கடவுச்சீட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, அதே ஆங்கில எழுத்துக்கூட்டலை ஓர் எழுத்தும் பிசகாமல் எழுதிவைத்துக்கொண்டு பதிவாளரிடம் போங்கள்.