சாவோ சிங்கங்கள்: மனித ரத்தத்தின் ருசிதான் காரணமா?

மனித ரத்தத்தை ஒருமுறை ருசித்த சிங்கம் வேறு இரையை நாடாது என்பது சரியன்று. 1898இல் கென்யாவின் சாவோ பகுதியில் இருப்புப்பாதைத் தொழிலாளர்களைத் தின்ற இரண்டு சிங்கங்களும் இறுதிவரை பெரும்பாலும் விலங்குகளையே உண்டன என்பதை, அவற்றின் எலும்பையும் முடியையும் ஆராய்ந்து 2009இல் வெளியான ஆய்வு காட்டியது.

அவை மனிதரைத் தின்றதற்கு முக்கியக் காரணம் பல்லாக இருக்கலாம். மனிதரை அதிகம் தின்ற சிங்கத்தின் கீழ்க் கோரைப்பல் உடைந்து வேரில் சீழ் கட்டியிருந்ததால், திமிறும் எருமையைக் கவ்விப் பிடிப்பது அதற்குக் கடும் வேதனையாக இருந்திருக்கும். அந்தப் பத்தாண்டில் மாட்டினத்தைத் தாக்கும் கொள்ளைநோயான வெக்கை நோய் எருமைகளையும் கால்நடைகளையும் பெருமளவில் அழித்திருந்ததால், வழக்கமான இரையும் குறைந்திருந்தது.

வேறு சம்பவங்களைப் படிக்கும்போது, உடல் தின்னப்பட்டதா என்று முதலில் பாருங்கள். இல்லையெனில், அது குட்டியைக் காக்கவோ அச்சத்தாலோ நேர்ந்த தாக்குதலாக இருக்கக்கூடும்.

ஆயினும், பல்நோய் மட்டுமே காரணம் எனச் சொல்ல முடியாது: சாவோவின் மற்றச் சிங்கத்துக்கு அத்தகைய கடும் பல்நோய் இல்லை. சுந்தரவனத்தில் நலமான புலிகளும் மனிதரைத் தின்றுள்ளன.