25 சொற்களுக்குள் ஒரு தாயின் கடிதம்

1938 நவம்பரில், ஹிட்லரின் நாஜி ஆட்சியில், ஜெர்மனியெங்கும் யூதர்களின் கடைகளும் ஜெப ஆலயங்களும் சூறையாடப்பட்டன. அதையடுத்த பத்து மாதங்களில் ஏறத்தாழ 10,000 குழந்தைகள், பெரும்பாலும் யூதர்கள், பெற்றோர் இல்லாமல் பிரிட்டனுக்கு வந்து சேர்ந்தார்கள். கிண்டர்டிரான்ஸ்போர்ட் என்று பெயர் பெற்ற அந்தப் பயணத்தைப் பற்றிய கேள்விகளே இம்முறை அதிகம். லண்டனில் ஆவணங்களோடு பல ஆண்டு பழகியவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

மதுரை வாசகி: குழந்தைகளுக்கு இரங்கிய அரசு, பெற்றோரை ஏன் விட்டுவிட்டது அம்மா?

பெரியவர்கள் வந்தால் உள்ளூர்க்காரர்களின் வேலை பறிபோகும் என்ற பயம். குழந்தைகளுக்கும் 17 வயதுக்குள் இருக்க வேண்டும், தற்காலிகமாகவே தங்க வேண்டும், அரசுக்குச் செலவு வைக்கக் கூடாது என்று நிபந்தனைகள். 1939இல் தலைக்கு 50 பவுண்டு பிணைத்தொகையும் கேட்டார்கள். வீட்டு வேலைக்காரிகளாக வருவதற்குப் பெண்களுக்கு விசா கிடைத்தது. அந்த வழியில் வந்து சேர்ந்த தாய்மார்களும் உண்டு. தன் பிள்ளை ஒரு வீட்டில் வளர, தாய் வேறொரு வீட்டில் பாத்திரம் துலக்கினாள்.

கோவை வாசகர்: பணம் யார் கொடுத்தது?

யூத அமைப்புகள், குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர், பொதுமக்கள். முன்னாள் பிரதமர் பால்ட்வின் 1938 டிசம்பரில் வானொலியில் வேண்டுகோள் விடுத்தார். 5 லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது.

சென்னைக் கல்லூரி மாணவர்: நிக்கோலஸ் வின்டன் தனி ஒருவராக 669 குழந்தைகளைக் காப்பாற்றினார் என்று படித்தேன்.

669 சரி, தனி ஒருவராக என்பது சரியில்லை. வின்டன் செக்கோஸ்லோவாக்கியாவின் பிராக் நகரில் இருந்தது சுமார் மூன்று வாரம். அங்கே ஏற்கெனவே அகதிகளுக்காக உழைத்துக்கொண்டிருந்தவர் டோரீன் வாரினர். ரயில்களை ஏற்றி அனுப்பியவர்களில் முக்கியமானவர் டிரெவர் சாட்விக். வின்டன் லண்டனில் உட்கார்ந்து அனுமதித் தாள்களுக்கும் வளர்ப்புக் குடும்பங்களுக்கும் அலைந்தார். அந்த வேலை சிறியதல்ல. ஆனால் ஒரு கதாநாயகன் கிடைத்துவிட்டால் மற்றவர்களை மறந்துவிடுவது நம் எல்லோருக்கும் வழக்கமாகிவிட்டது. 1939 செப்டம்பர் 1 அன்று புறப்பட வேண்டிய கடைசி ரயில், போர் மூண்டதால் புறப்படவேயில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தாய்: போர்க்காலத்தில் பெற்றோரின் செய்தி வந்ததா?

நேரடித் தபால் நின்றுபோனது. செஞ்சிலுவைச் சங்கத்தின் படிவம் ஒன்றுதான் வழி. 25 சொற்களுக்கு மேல் எழுதக் கூடாது, குடும்பச் செய்தி மட்டும். பதிலை அதே தாளின் பின்பக்கம் எழுதி அனுப்ப வேண்டும், போய்வர மாதக்கணக்காகும். இந்தப் படிவங்களைக் கையில் எடுக்கும்போதெல்லாம் நான் முதலில் சொற்களை எண்ணுவேன். நலமா, சாப்பிடுகிறாயா, அண்ணன் எழுதினானா என்று கேட்பதற்குள் பாதி தீர்ந்துவிடும். பிறகு ஒரு நாள், இடம் மாறப் போகிறோம் என்ற பொருளில் ஒரு வரி வரும். அதன்பின் படிவம் வராது; அவர்களை நாஜி முகாம்களுக்குக் கொண்டுபோயிருப்பார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு இன்னொரு சங்கடம்: ஓரிரு ஆண்டுகளில் ஜெர்மன் மறந்துபோய், அம்மா எழுதியதை வேறு யாராவது படித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

அதே தாய்: வந்த இடத்திலாவது நிம்மதியாக இருந்தார்களா?

பலர் இருந்தார்கள். எல்லோரும் இல்லை. 1940இல், 16 வயது கடந்தவர்களில் ஏறத்தாழ 1,000 பேரை, ஜெர்மனியின் பக்கமிருந்து வந்தவர்கள் என்பதால், ‘எதிரி நாட்டினர்’ என்று பிரிட்டனே அடைத்துவைத்தது.

திருச்சி செவிலியர்: நாஜி வதை முகாம்களிலிருந்து மீண்டவர்களை எப்படிப் பராமரித்தார்கள்?

1945 ஆகஸ்டில் சுமார் 300 சிறுவர் சிறுமியர் பிராக்கிலிருந்து விமானத்தில் வந்து, இங்கிலாந்தின் விண்டர்மியர் ஏரிக்கரையில் தங்கினார்கள். மேசையில் வைத்த ரொட்டி நொடியில் காணாமல் போகும். தலையணைக்கு அடியில் ஒளித்துவைத்திருப்பார்கள். அடுத்த வேளையும் சாப்பாடு வரும் என்று நம்ப அவர்களுக்கு நாள் பிடித்தது. இன்று அந்தத் தலைமுறை முதுமையில் இருக்கிறது. நினைவு தடுமாறும்போது பழையது மேலே வரும். உங்கள் தொழிலுக்குப் பயன்படும் என்பதால் சொல்கிறேன்: ஷவர், சீருடை, நாய் குரைப்பு, சாப்பாட்டுக்கு வரிசை, இவை அச்சுறுத்தலாம். 1941இல் தொடங்கிய யூத அகதிகள் சங்கம் போன்ற அமைப்புகள் இன்றும் இவர்களுக்குத் துணை நிற்கின்றன.

சேலம் ஆசிரியர்: இந்த வரலாற்றை எழுதிவைக்க வேண்டும் என்று முதலில் யாருக்குத் தோன்றியது?

ஆல்பிரட் வீனரைச் சொல்வேன். 1933இல் பெர்லினைவிட்டு ஆம்ஸ்டர்டாமுக்குத் தப்பியவர். நாஜிகளின் துண்டுப்பிரசுரம் முதல் எல்லாவற்றையும் சேர்த்தார். 1938 நவம்பர் வன்முறை நடந்த சில வாரங்களுக்குள் அவருடைய அலுவலகம் 350க்கும் மேற்பட்ட நேரடி வாக்குமூலங்களைத் திரட்டியது. 1939இல் சேகரிப்பு லண்டனுக்கு வந்து தப்பியது. அவருடைய மனைவியும் மூன்று மகள்களும் ஹாலந்திலேயே சிக்கி, பெர்கன்-பெல்சன் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 1945 ஜனவரியில் கைதிகள் பரிமாற்றத்தில் சுவிட்சர்லாந்தை அடைந்ததும் மனைவி மார்கரெட் இறந்தார்; மகள்கள் பிழைத்தார்கள். அந்தச் சேகரிப்பு லண்டனில் வீனர் நூலகமாக இன்றும் இருக்கிறது.

புதுச்சேரி வாசகர்: இங்கிருந்தபடியே நான் ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். நாஜிகளால் பாதிக்கப்பட்டவர்களின் பதிவுகளைக் காக்கும் ஜெர்மனியின் அரோல்சன் ஆவணக் காப்பகத்தில் சுமார் 3 கோடி ஆவணங்கள் இருக்கின்றன. முகாம் அட்டைகளின் படத்தைத் திரையில் பார்த்துப் பெயர், பிறந்த தேதி, ஊர் ஆகியவற்றைத் தட்டச்சு செய்யத் தன்னார்வலர்களை இணையம் வழியே சேர்க்கிறார்கள். எழுத்துக்கூட்டல் விசித்திரமாக இருந்தாலும் திருத்தாதீர்கள்; அட்டையில் உள்ளபடியே அடியுங்கள்.

தஞ்சாவூர் தபால்தலைச் சேகரிப்பாளர்: பழைய ஐரோப்பியக் கடிதக் கட்டு ஒன்று விலைக்கு வாங்கினேன். ஸ்டாம்பை மட்டும் வெட்டி எடுக்கலாமா?

ஐயா, கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள். தபால் முத்திரையில் ஊரும் தேதியும் இருக்கும், போர்க்காலத்தில் கடிதத்தைப் பிரித்துப் படித்த தணிக்கையாளர் ஒட்டிய தாளில் எண் இருக்கும். சில குடும்பங்களுக்குக் கடைசி முகவரியே உறையின் பின்பக்கத்தில்தான் கிடைத்திருக்கிறது. உறையையும் கடிதத்தையும் பிரிக்காதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். குறிப்பு எழுதுவதென்றால் தனித் தாளில், பென்சிலால். முதலில் இரு பக்கமும் படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.